பத்து கலைஞர்கள், நான்கு மைக்: சொந்த மேடைக்கு யமஹா எம்ஜி10எக்ஸ்யூ மிக்சர் சரிப்படுமா?

கானா பாடுகிறவர் ஒருவர், மிமிக்ரி செய்கிறவர் ஒருவர், வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸ் இளைஞர், கிட்டாரோடு சொந்தப் பாட்டு பாடும் பெண், முன்பே பதிவுசெய்த இசையை (ட்ராக்) போட்டுப் பாடுகிறவர், தமிழில் ஸ்டாண்ட்-அப் பேசும் இருவர், இரண்டு நடனக் குழு, ஒரு பறைக் குழு. டிவி தேர்வு வரிசைகளில் நின்று அலுத்துப்போன பத்து தரப்பு ஒன்று சேர்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கை ஒரு மாலைக்கு எடுத்துத் தாங்களே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பணம் முதலில் ஃப்ளெக்ஸுக்குப் போகும், அடுத்தது லைட்டுக்கு. ஒலிக்கு அரங்கத்தில் இருக்கிற பழைய ஆம்பும் இரண்டு மைக்கும் போதும் என்று விட்டுவிடுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கலைஞர்களின் வீட்டாரும் நண்பர்களும்தான். வாய்ப்புக் கொடுக்கக்கூடிய ஆள் அன்றைக்கு அரங்கில் இருப்பது அபூர்வம். அவருக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் போகும் இரண்டு நிமிட வீடியோதான் மொத்த நிகழ்ச்சியும். அதனால் இப்படிப்பட்ட மேடைக்கு மிக்சர் (பல மைக், கருவிகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) வாங்கும்போது இரண்டு காதுகளை மனதில் வைக்க வேண்டும்: அரங்கில் கேட்கும் காது, வீடியோவில் கேட்கும் காது. இந்த விமர்சனம் முழுக்க அந்த அளவுகோலில்தான்.

எம்ஜி10எக்ஸ்யூ சின்னப் பெட்டி. எடை 2.1 கிலோ, அகலம் 244 மில்லிமீட்டர், நீளம் 294 மில்லிமீட்டர். முதுகுப் பையில் அடங்கிவிடும். உலோக உடல், பஸ் பயணத்தைத் தாங்கும். பெயரில் உள்ள பத்தை நம்பிப் பத்து மைக் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மைக் செருக இடம் நான்குதான். மீதி ஆறும் மூன்று ஸ்டீரியோ (இடது, வலது) ஜோடிகள். கீபோர்டு, போன், லேப்டாப் போன்றவற்றுக்கானவை. ஒருவர், இருவராக வந்து போகும் நிகழ்ச்சிக்கு நான்கு போதும். வில்லுப்பாட்டுக் குழுவோ ஐந்து பேர் பாடும் பேண்டோ பட்டியலில் இருந்தால் இதை வாங்க வேண்டாம். ஆறு மைக் ஏற்கும் எம்ஜி12எக்ஸ்யூவுக்கோ, பத்து மைக் ஏற்கும் எம்ஜி16எக்ஸ்யூவுக்கோ போய்விடுங்கள்.

மைக் எதுவானாலும் சரி, ஒரே ரகமாக வையுங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்தான் (தனி மின்சாரம் தேவைப்படாத ரகம்) இந்த மேடைக்கு ஏற்றது. 1966-லிருந்து விற்பனையில் இருக்கும் மாடல், கீழே விழுந்தாலும் பிழைக்கும், கை மாறிக் கை மாறிப் போனாலும் குணம் மாறாது. போலிகள் நிறையப் புழங்குகின்றன. அசல் 298 கிராம் இருக்கும். கையில் எடுத்ததும் எடை குறைவாகப் பட்டால் தராசில் வைத்துப் பாருங்கள்.

சேனல்களை (ஒவ்வொரு மைக்குக்கும் கருவிக்கும் மிக்சரில் உள்ள தனி வரிசையை) நிகழ்ச்சி முழுக்க மாற்றாமல் பிரித்துக்கொள்வதுதான் பாதி வேலை. ஒன்றாவது சேனல் தொகுப்பாளருக்கு மட்டும். அந்த மைக்கை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இரண்டாவது தனிக் குரல். மூன்றாவது இரண்டாம் குரல் அல்லது பேச்சுக்காரரின் மாற்று மைக். நான்காவது கிட்டாருக்கு. 5/6-ல் பாட்டு, நடன ட்ராக். 7/8 கீபோர்டு இருந்தால் அதற்கு, இல்லாவிட்டால் இரண்டாவது போன், அதே ட்ராக்குகளோடு தயாராக. 9/10 லேப்டாப்புக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றிலும் இரண்டிலும் மட்டும் கம்ப்ரசர் குமிழ் (அதிகச் சத்தத்தைத் தானாக அமுக்குவது) உண்டு. கிசுகிசுத்துவிட்டுத் திடீரென்று கத்தும் மிமிக்ரிக் குரலுக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் இந்தக் குமிழைத் திருகத் திருக, அமுங்கிய சத்தத்தை ஈடுகட்ட மொத்த ஒலியும் தானாகவே ஏறும். ஆள் பேசாத நொடியில் மேடை இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஹவுலிங் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மீண்டும் ஏறிக் கூவுவது) அங்கேதான் பிறக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருகாதீர்கள்.

கெயின் (மைக்கிலிருந்து வரும் சிக்னலை முதலில் பெருக்கும் குமிழ்) வைக்கும் முறை தெரியாமல் கெடுகிற நிகழ்ச்சிகள் அதிகம். சேனலின் லெவல் குமிழைச் சுழியத்தில் வைத்துவிட்டு, பாடுகிறவரை அவருடைய உச்ச சத்தத்தில் பாடச் சொல்லுங்கள். “ஹலோ, செக்” போதாது. அவர் பாடப் பாட கெயினை ஏற்றுங்கள். சிவப்பு பீக் விளக்கு எப்போதாவது ஒருமுறை மினுக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். பிறகுதான் லெவல். கெயினைக் குறைவாக வைத்து லெவலையும் மாஸ்டரையும் (மொத்த ஒலியின் குமிழ்) கடைசிவரை திருகினால் இரைச்சல் வரும். கெயின் அதிகமானால் குரல் உடையும். உடைந்த குரலைப் பதிவில் எதை வைத்தும் சரிசெய்ய முடியாது.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடித்தொனியை வெட்டும் ஃபில்டர் பொத்தானைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் அழுத்தியே வையுங்கள். மைக் ஸ்டாண்டில் கால் படும் சத்தமும், ‘ப’கரம் வெடிக்கும் காற்றும் குறையும். பீட்பாக்ஸ் ஆள் வரும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் வாயால் அடிக்கும் ‘டும்’ அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திப் பிடித்தால், பின்பக்க ஒலியைத் தள்ளும் குணத்தை மைக் இழந்துவிடும். ஸ்பீக்கர் சத்தமெல்லாம் உள்ளே ஏறி ஹவுலிங் எழும். பொத்துவது அவருடைய கலைக்குத் தேவை என்றால், அந்த ஐந்து நிமிடத்துக்கு மேடை மானிட்டரை (கலைஞர் தன் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) அணைத்துவிடுவதே வழி.

ஹவுலிங் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்: இந்த மிக்சரின் ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) அதற்கு மருந்து இல்லை. மேல் குமிழ் 10 கிலோஹெர்ட்ஸ், நடு 2.5 கிலோஹெர்ட்ஸ், கீழ் 100 ஹெர்ட்ஸ் என்று மூன்றும் நிலையானவை. கூவும் அலைவரிசை பெரும்பாலும் இவற்றுக்கு இடையில் எங்கேயோ இருக்கும். நடுக் குமிழைக் குறைத்தால் கூவல் அடங்காமல் குரலின் தெளிவு மட்டும் போகும். இடவமைப்பால்தான் தீர்க்க முடியும். முதன்மை ஸ்பீக்கர்கள் இரண்டும், கலைஞர் நிற்கும் கோட்டுக்கு முன்னால் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, தலை உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் இருக்கட்டும். மேடை மானிட்டர் கலைஞருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் இருக்கட்டும். மைக் வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில். பாதி அரங்கின் ஹவுலிங் சிக்கல், கூச்சத்தில் மைக்கை மார்பு வரை இறக்கிப் பிடிப்பதால் வருவது; அதைச் சரிக்கட்ட சவுண்ட்காரர் லெவலை ஏற்றுவார், உடனே கூவும். ஒத்திகையிலேயே ஒவ்வொருவருக்கும் மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மானிட்டர் விஷயத்தில் இதன் இரண்டாவது பெரிய குறை தெரியும். தனியாக அனுப்பும் வழி ஒன்றே ஒன்று. எக்கோ எஃபெக்டுக்குப் போவதும் அதே குமிழ்தான். அதனால் கலைஞருக்குத் தனிக் கலவை கொடுக்க முடியாது. மானிட்டர் அவுட் ஜாக்கிலிருந்து, அரங்குக்குப் போகும் அதே கலவையை அனுப்பிச் சமாளிக்கலாம். சிறு அரங்கில் அது போதும். பாடகருக்கு ட்ராக் அதிகமாக, குரல் குறைவாக வேண்டும் என்று கேட்டால் இதில் நடக்காது.

மூன்றாவது குறை இதைவிடத் தொந்தரவு: சேனலுக்குச் சேனல் ம்யூட் பொத்தான் கிடையாது. ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறும்போது லெவல் குமிழைச் சுழியத்துக்கு இறக்கித்தான் மூட வேண்டும். பிறகு சரியான இடத்துக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு கலைஞருக்கும் சவுண்ட் செக் முடிந்ததும் மிக்சரை நேர் மேலேயிருந்து போனில் படம் எடுங்கள். படத்துக்கு அவர் வரிசை எண்ணையே பெயராகக் கொடுங்கள். குமிழ்களில் உள்ள கோடு படத்தில் தெளிவாகத் தெரியும். பத்து படம், பத்து அமைப்பு. இடைவேளை இரண்டு நிமிடத்தில் படத்தைப் பார்த்துத் திருப்பிவிடலாம். குமிழுக்குப் பதில் ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் தள்ளி) உள்ள எம்ஜி10எக்ஸ்யூஎஃப் என்ற மாடலும் உண்டு. தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தப்போகிறவர்கள் அதைப் பார்ப்பது நல்லது. விரலால் இறக்கி ஏற்றுவது இருட்டில் குமிழைவிட நம்பகமானது.

ட்ராக் போடுவதில்தான் கூட்டத்துக்கு முன்னால் மானம் போகிற தவறு நடக்கும். போனிலிருந்து வரும் ஸ்டீரியோ பின்னை, அளவு மாற்றும் சிறு அடாப்டர் வைத்து மைக் சேனல் ஒன்றில் செருகிவிடுவார்கள். அந்தச் சேனல், வந்த இரண்டு சிக்னல்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்படி அமைந்தது. இடதிலும் வலதிலும் பொதுவாக இருப்பது, அதாவது நடுவில் வைத்துப் பதிவுசெய்த குரல், பேஸ், கிக் டிரம், ஒன்றையொன்று வெட்டிக் காணாமல் போகும். நடனக் குழு மேடையில் நிற்கும்; தாளம் இருக்காது. யாருக்கும் காரணம் புரியாது. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் ஒரு முனையில், 6.3 மில்லிமீட்டர் மோனோ பின் இரண்டு மறுமுனையில் உள்ள கேபிளை வாங்கி 5/6-ல் இடது வலதாகச் செருகுவதுதான் முறை. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும், இரண்டாக வாங்குங்கள். போன் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும், ட்ராக்குகள் போனுக்குள்ளேயே இறக்கியிருக்க வேண்டும். அரங்குக்குள் வந்து யூடியூபில் தேடுகிற ட்ராக்கை வரிசையில் சேர்க்காதீர்கள்.

கிட்டாரை நேரடியாகச் செருகினால் ஒலி மெலிந்து, தகரம் போல வரும். பேட்டரி இல்லாத பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டார் பாகம்) ஏற்ற உள்ளீடு இந்த மிக்சரில் இல்லை. டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்று நடுவில் வைத்து, அதிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளில் நான்காவது சேனலுக்குக் கொண்டுவாருங்கள். டிஐ பாக்ஸ் மின்சாரம் கேட்கும் ரகம் என்றால் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் பொத்தான் வேண்டும். அது நான்கு மைக் சேனலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். நல்ல கேபிளில் வரும் டைனமிக் மைக்குக்கு அதனால் பாதிப்பு இல்லை. ஸ்பீக்கர்களை அணைத்த பிறகே அந்தப் பொத்தானைத் தொடுங்கள்; இல்லாவிட்டால் ‘டம்’மென்ற அடி ஸ்பீக்கருக்குப் போகும்.

பறைக்கு நூறு பேர் அரங்கில் மைக்கே வேண்டாம். மைக் வைத்தால் மற்ற எல்லாம் மூழ்கிவிடும். ஆனால் மைக் வைக்காவிட்டால் பதிவில் பறை இருக்காது, தூரத்தில் யாரோ தட்டுவது போலத்தான் விழும். இந்த மிக்சரில் ஒரு மைக்கை அரங்குக்கு விடாமல் பதிவுக்கு மட்டும் அனுப்பத் தனிப்பாதை இல்லை. அதற்கான தீர்வு கீழே சொல்லும் இரண்டாவது பதிவுக் கருவிதான்.

இந்தப் பெட்டியை வாங்கச் சொல்லும் முதல் காரணத்துக்கு வருவோம். பின்னால் யூஎஸ்பி இருக்கிறது. ஒரே ஒயரில் முழுக் கலவையும், எஃபெக்ட் உட்பட, லேப்டாப்புக்குப் போகும். பதிவின் தரம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், அதற்கு மேல் இங்கே தேவையில்லை. ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். விண்டோஸ் லேப்டாப்பில் யமஹா ஸ்டைன்பெர்க் யூஎஸ்பி டிரைவரை முந்தின நாளே நிறுவிச் சோதித்துவிடுங்கள். ஐபேடில் கேமரா அடாப்டர் போட்டால் டிரைவர் வேண்டாம். பதிவு மென்பொருளில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். கைத்தட்டலும் கத்தலும் வரும்போது மேலே இடம் வேண்டும்.

மென்பொருளில் ‘மானிட்டரிங்’ (பதிவாகும் ஒலியை உடனே திரும்பக் கேட்கச் செய்யும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணையாமல், 9/10 லெவலும் ஏறியிருந்தால், மிக்சரிலிருந்து போன ஒலி லேப்டாப் வழியாகத் திரும்பி மிக்சருக்கே வந்து, மறுபடி போய், சுற்றிச் சுற்றி ஏறும். மைக் எதுவும் திறக்காமலே பயங்கரமாகக் கத்தும். பதிவின்போது 9/10 சுழியத்திலேயே இருக்கட்டும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று ஓர் ஓசை தொடங்கினால் அது எர்த் சிக்கல். முழு சார்ஜ் செய்த பேட்டரியில் லேப்டாப்பை ஓட்டுங்கள். சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பது உயிருக்கு ஆபத்தான குறுக்குவழி, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மங்கலாக்கும் வசதியுள்ள மேடை விளக்குகளையும் ஒலிக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டில் இணைக்காதீர்கள்.

இனி அந்த இரண்டாவது பதிவுக் கருவி. மிக்சரிலிருந்து வரும் பதிவில் குரல் பளிச்சென்று இருக்கும், ஆனால் அரங்கமே இருக்காது. ஸ்டாண்ட்-அப் பேச்சாளருக்கு இது கொடுமை: அரங்கம் குலுங்கச் சிரித்த நகைச்சுவை, வீடியோவில் மயான அமைதியில் போய் விழும். பார்க்கிறவர் யாரும் சிரிக்கவில்லை என்றே முடிவு செய்வார். அதனால் இன்னொரு போனையோ சிறு ரெக்கார்டரையோ மூன்றாவது வரிசையில், ஸ்பீக்கருக்கு நேரே இல்லாமல், நடுவாக ஒரு ஸ்டாண்டில் வைத்து முழு நிகழ்ச்சியையும் ஓட விடுங்கள். பிறகு எடிட்டிங்கில் மிக்சர் ஒலியை முதன்மையாக வைத்து, இதை அடியில் மெல்லச் சேருங்கள். பறைக் குழுவுக்கு மட்டும் விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள்.

இரண்டையும் சேர்க்கும்போது எதிரொலி போலக் கேட்கும். ஒலி 10 மீட்டர் கடக்க ஏறத்தாழ 29 மில்லிசெகண்ட் ஆகும், தூரத்தில் வைத்த கருவியின் ஒலி அந்தக் கணக்கில் பின்தங்கியிருக்கும். அலைவடிவத்தில் ஒரு கைத்தட்டல் முனையைப் பார்த்து, பின்தங்கியதை முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். இதற்காகவே தொகுப்பாளர் ஒவ்வொரு கலைஞரையும் அழைத்து முடிக்கும்போது மைக்குக்கு முன் ஒரே ஒரு முறை ஓங்கிக் கைதட்டட்டும். நிகழ்ச்சித் தொடக்கத்தில் தட்டிய ஒரு தட்டை வைத்து முழு ஒன்றரை மணி நேரத்தையும் பொருத்த முயன்றால், கடைசிக் கலைஞர் வருவதற்குள் உதடும் குரலும் விலகியிருக்கும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

எஃபெக்ட் பற்றி ஒரு வார்த்தை. 24 வகை இருக்கிறது, கரோக்கி எக்கோவும் உண்டு. பாடகர்களுக்கு அது பிடிக்கும், ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். போடும் எக்கோ பதிவிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. அரங்கச் சுவரே கொஞ்சம் எதிரொலிக்கும் என்பதால், காதுக்குப் போதும் என்று படும் அளவில் பாதியில் நிறுத்துங்கள். பாட்டு முடிந்ததும் எஃபெக்டை அணையுங்கள். “எல்லாருக்கும் வணக்கம்” என்று பேசும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரக் கூடாது.

நேரக் கணக்கு: ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் பத்துக்கு அறுபது, ஒன்பது இடைவெளிகளுக்கு இரண்டிரண்டு நிமிடம் பதினெட்டு, தொகுப்புரையோடு ஒன்றரை மணி நேரம். ஒரே அமைப்பு வேண்டுபவர்களை அடுத்தடுத்து வையுங்கள். கிட்டார், டிஐ பாக்ஸ் அமைப்பை முதல் நிகழ்ச்சியாக வைத்தால் இடையில் கேபிள் மாற்றும் வேலை ஒன்று குறையும். மொட்டை மாடியிலோ திறந்தவெளியிலோ நடத்தினால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொருந்தும். சவுண்ட் செக்கைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். சினிமாப் பாட்டை மேடையில் பாடுவதற்கு ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைக் கவனிக்கும் சங்கம்) உரிமம், அசல் ஒலிப்பதிவைப் போட்டு ஆடுவதற்கு ஒலிப்பதிவு உரிமையாளர் தரப்பின் உரிமம். இரண்டும் வேறு வேறு. அசல் பதிவு ஓடும் நடன வீடியோ யூடியூபில் தானியங்கிச் சோதனையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சொந்தப் பாட்டு வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை, அவரை வரிசையில் நல்ல இடத்தில் வையுங்கள்.

வாங்கும்போது அடாப்டரைப் பெட்டியிலேயே சரிபாருங்கள். இது மின்கம்பி நேராகச் செருகும் மிக்சர் இல்லை. யமஹாவின் தனி அடாப்டரில் ஓடுவது. லேப்டாப் சார்ஜர் எதுவும் அவசரத்துக்கு உதவாது. பழையது வாங்கினால் அடாப்டர் இல்லாத பெட்டியை எடுக்காதீர்கள். எல்லாக் குமிழையும் ஒருமுறை முழுக்கத் திருகி, ‘கரகர’வென்று ஒலிக்கிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள், நான்கு மைக் உள்ளீட்டிலும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். நிகழ்ச்சிப் பையில் 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஆறு (நான்கு வேலைக்கு, இரண்டு மாற்றுக்கு), கேபிளைத் தரையில் ஒட்டத் துணி டேப், பேனா, டார்ச். ஏற்றும்போது முதலில் மிக்சர், பிறகு ஸ்பீக்கர். அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர், கடைசியில் மிக்சர். பதிவுக் கோப்பை அரங்கை விட்டு இறங்கும் முன்னரே இன்னொரு பென்டிரைவில் நகலெடுத்து, வேறு ஒருவர் பையில் போட்டு அனுப்புங்கள்.